மலைக்கோயிலில் கடல் ஒலி

பெரு நாட்டின் ஆண்டீஸ் மலையில், கடல்மட்டத்துக்கு 3,000 மீட்டருக்கும் மேலே, சாவின் தே வாந்தார் என்ற பழங்கோயில் இருக்கிறது. 2001-இல் ஜான் ரிக் என்ற தொல்லியலாளரின் குழு அங்கே ஒரு நிலவறையிலிருந்து 20 ஊதுசங்குகளைக் கண்டெடுத்தது.

எல்லாம் ஈக்வடார் பக்கத்து வெதுவெதுப்பான கடலில் வாழும் பெரிய சங்குகள். நுனியை வெட்டி ஊதுவாய் அமைத்து, மேலே உருவங்களைக் கீறியிருக்கிறார்கள். கைபட்டுக் கைபட்டு ஓடு வழவழத்துப் போயிருக்கிறது. நெடுங்காலம் ஊதியிருக்க வேண்டும். கோயிலின் கற்சிற்பத்திலும் சங்கூதி ஒருவன் உண்டு. வளைந்து செல்லும் இருட்டுச் சுரங்கப் பாதைகளில் ஒலி எங்கிருந்து வருகிறதென்று வந்தவர்களுக்குப் பிடிபட்டிருக்காது. பூசாரிகள் வேண்டியதும் அதுவாகத்தான் இருக்கும்!

கோயிலில் சங்கூதுவது நமக்குப் பழக்கம்தான். ஆனால் ஆண்டீஸ் மக்கள் சிப்பியைத் தெய்வங்களுக்கு உணவாகவே படைத்தது வியப்பு. முட்கள் நிறைந்த அந்தச் செஞ்சிப்பிக்கு ‘முல்யு’ என்று பெயர். பின்னாளில் இன்கா மக்கள் மழை வேண்டி அதை நீரூற்றுகளில் இட்டார்கள். ஊற்றுகள் கடலின் மகள்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. தாய்வீட்டுச் சீர் போய்ச் சேர வேண்டாமா? 17-ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் பெர்னபே கோபோ இதை எழுதிவைத்திருக்கிறார்.

சிப்பி தெய்வங்களுக்கு மட்டுமல்ல; பெருவின் வடகடற்கரை லம்பாயெக்கே புராணத்தில், மன்னன் நைம்லாப் நடக்கும் வழியெல்லாம் சிப்பித்தூள் தூவ ஓர் அதிகாரியே இருந்தான்.