நாற்பது ஏக்கர்: தென் கரோலினா, 1865

1865 ஜனவரி 12 அன்று, அமெரிக்காவின் சவானா நகரில் கறுப்பினப் போதகர்கள் 20 பேரை உள்நாட்டுப் போரில் வடக்குப் படையை நடத்திய ஜெனரல் ஷெர்மன் சந்தித்தார். என்ன வேண்டும் என்றதற்கு, அவர்கள் சார்பில் பேசிய காரிசன் ஃப்ரேசியர் சொந்தமாக உழ நிலம் கேட்டார். அடிமையாக இருந்து, தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கியவர் அவர். நான்காம் நாளே ஷெர்மனின் ஆணை வந்தது. கரையோரத் தோட்டங்கள் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரிக்கப்பட்டன. விடுதலை பெற்ற சுமார் 40,000 பேர் குடியேறினர்.

அதே ஆண்டில் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்த நிலங்களைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பினார். அக்டோபரில் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவுத் தேவாலயத்தில் இதைச் சொல்ல, ஜான்சன் அனுப்பி வந்த ஜெனரல் ஹவர்டை எதிர்த்து மக்கள் குரலெழுப்பினர். மூவர் குழு அமைத்து மனு எழுதினர். பலிக்கவில்லை. 1862இல் தலைநகர் வாஷிங்டனில் அடிமைமுறை ஒழிந்தபோதோ, விடுதலையான ஆளுக்கு 300 டாலர் வரை இழப்பீடு கிடைத்தது, எஜமானர்களுக்கு!

நிலம் போனபின் பெரும்பாலோர்க்கு மிஞ்சியது வாரச் சாகுபடி. விதை, கோவேறு கழுதை, கலப்பை எல்லாம் கடனாக வரும். விளைந்த பருத்தியில் பாதி நிலக்காரருக்கு. கணக்கேடும் அவர் கையில்தான். அறுவடை முடிந்தும் பற்று தீராது, பழைய பாக்கியோடு அடுத்த விதைப்பு தொடங்கும். மிசிசிப்பியின் 1865ஆம் ஆண்டுச் சட்டமோ, நகரங்களுக்கு வெளியே கறுப்பினத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பதையே தடுத்தது.