உங்களுக்குத் தெரியுமா? முடிவு தெரியாமலே தொடங்கும் படம்

ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகி, முழுத் திரைக்கதை கையில் இல்லாமலே பட வேலையைத் தொடங்கிவிடுவார். கதை எப்படி முடியும் என்பது அப்போது அவருக்கே தெரியாது!

• காட்சிகளை அவரே வரிசையாக வரைந்துகொண்டு போவார். பின்பாதி அவர் மேசையில் உருவாகும்போதே, முன்பாதி அனிமேஷன் கலைஞர்கள் கையில் அசையத் தொடங்கியிருக்கும்.

• 'ஸ்பிரிட்டட் அவே' (2001) அப்படிப் பிறந்ததுதான். பத்து வயதுச் சிறுமிகளை மனத்தில் வைத்து எடுத்த படம். 2002இல் பெர்லின் விழாவின் தங்கக் கரடி, 2003இல் ஆஸ்கர்.

• அதில் நாறும் ஆற்றுத் தெய்வத்தின் உடம்பிலிருந்து ஒரு சைக்கிளை இழுத்தெடுப்பார்கள். மாயாஜாலம் போலத் தோன்றும் அந்தக் காட்சிக்கு விதை, மியாசாகி நிஜ ஆறு ஒன்றைச் சுத்தம் செய்யப் போன அனுபவம். அங்கே சேற்றில் புதைந்து கிடந்ததும் சைக்கிள்தான். அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள்.