ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்: ஆன்டாலஜியும் அறிவு வரைபடமும்

பின்னலாடை நிறுவனம் ஒன்றில், 'இம்மாத விற்பனை எவ்வளவு?' என்று கேட்பதாகக் கொள்வோம். ஆர்டர் எடுக்கும் பிரிவு, கிடைத்த ஆர்டர்களைச் சொல்கிறது. கிடங்குப் பிரிவு, அனுப்பிய சரக்கைச் சொல்கிறது. கணக்குப் பிரிவு, வந்து சேர்ந்த பணத்தைச் சொல்கிறது. மூன்று விடைகளிலும் கணக்குப் பிழை இல்லை. 'விற்பனை' என்ற சொல்லுக்கு மூவரும் வெவ்வேறு பொருள் கொண்டுள்ளனர். மூன்று கணினிகளையும் இணைத்தால் மட்டும் இச்சிக்கல் தீராது.

இத்தகைய வேறுபாடு பேரிழப்பையும் தரலாம். 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை அடைந்தபோது இழக்கப்பட்டது. ஒரு மென்பொருள் கணத்தாக்கு மதிப்புகளைப் பவுண்டு விசை–வினாடியில் தந்தது. அவற்றைப் பயன்படுத்திய மற்றொரு மென்பொருள் நியூட்டன்–வினாடி என எடுத்துக்கொண்டது. எண்கள் பரிமாறப்பட்டன, பொருள் பரிமாறப்படவில்லை.

ஆன்டாலஜி என்றால் என்ன?

ஒரு துறையில் உள்ள பொருள்கள் எவை, அவை எந்த வகையைச் சேர்ந்தவை, ஒன்றுக்கொன்று என்ன தொடர்பு, எந்த விதிகளுக்கு உட்பட்டவை என்பவற்றைக் கணினியும் கையாளும் வகையில் எழுதிவைக்கும் பொது உடன்பாடே ஆன்டாலஜி. நம் நிறுவனத்தில் 'ஆர்டர்', 'அனுப்புகை', 'பணவரவு' ஆகியவை தனித்தனி வகைகள். ஓர் ஆர்டருக்குப் பல அனுப்புகைகள் இருக்கலாம் என்று அது வரையறுக்கும். பிறகு எந்த எண் எதைக் குறிக்கிறது என்பதில் குழப்பம் வராது.

அறிவு வரைபடம்

இந்த உடன்பாட்டின்படி உண்மைகளை இணைத்தால் அறிவு வரைபடம் கிடைக்கும். இதில் ஒவ்வோர் உண்மையும் ஒரு சிறு தொடர்:

வைகை – பாய்கிறது – மதுரை மாவட்டம்
மதுரை மாவட்டம் – அமைந்துள்ளது – தமிழ்நாடு

'ஒரு மாவட்டத்தில் பாயும் ஆறு, அம்மாவட்டம் அமைந்துள்ள மாநிலத்திலும் பாயும்' என்ற விதி ஆன்டாலஜியில் இருந்தால், வைகை தமிழ்நாட்டில் பாய்கிறது என்பதைக் கணினி தானே வருவித்துக்கொள்ளும்.

கூகுள் தன் அறிவு வரைபடத்தை 2012இல் அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு தொடங்கிய விக்கித்தரவில் ஒவ்வொரு பொருளுக்கும் தனி அடையாள எண் உண்டு. தஞ்சாவூர் நகரமும் தஞ்சாவூர் மாவட்டமும் பெயரால் ஒன்று, எண்ணால் வேறு. எனவே ஒன்றின் மக்கள்தொகை மற்றொன்றுக்குச் சேராது.

வகுப்பறையில்

மனவரைபடம் நமக்குப் பழக்கமானது. அதில் பெரும்பாலும் கோடு மட்டுமே இருக்கும். ஒவ்வொரு கோட்டின் மீதும் ஒரு வினைச்சொல்லை எழுதச் சொல்லுங்கள். 'தவளை – உண்கிறது – பூச்சி' சரி. 'தாவரம் – உண்கிறது – சூரிய ஒளி' என்று ஒரு மாணவர் எழுதினால், ஒளிச்சேர்க்கை குறித்த அவரது புரிதல் எங்கே தடுமாறுகிறது என்பது உடனே தெரிந்துவிடும். வெறும் கோடு இதைக் காட்டாது.

உயர்நிலை வகுப்புகளில் மற்றொரு செயல்பாட்டைச் செய்து பார்க்கலாம். 'நம் நூலகத்தில் எத்தனை நூல்கள் உள்ளன?' என்று இரு குழுக்களிடம் கேளுங்கள். ஒரு குழு தலைப்புகளையும் மற்றொரு குழு பிரதிகளையும் எண்ணக்கூடும். விடைகள் மாறும்போது, யார் சரி என்று தீர்ப்பளிக்காமல், 'நூல்' என்பதற்குப் பொதுவான வரையறையை மாணவர்களே எழுதட்டும்.

பள்ளித் தரவுக்கும் இது பொருந்தும். 'மாணவர் எண்ணிக்கை' என்பது பாடநூல் பெறும்போது சேர்க்கைப் பதிவேட்டில் உள்ளோரைக் குறிக்கும்; மதிய உணவுக்கு அன்று வருகை தந்தோரைக் குறிக்கும். ஒன்றன் இடத்தில் மற்றொன்றை எழுதினால் நூல் குறையும் அல்லது உணவு மிஞ்சும். எண்ணத் தொடங்கும் முன் சொல்லை வரையறுக்கும் பழக்கத்தை மாணவர்களிடம் வளர்த்தால், நாளை அவர்கள் கையாளப்போகும் தரவுகள் நம்பத்தக்கவையாக இருக்கும்.