14 லட்சத்துக்கு வாங்கிய 70 லட்ச ரூபாய் கார் வாசலில் 'படுத்தது'!

பழைய சொகுசுக் கார் வாங்கிய கடைக்காரர் படும் பாடு

பொழுது விடிந்து வாசல் தெளிக்க வந்த அம்மாதான் முதலில் பார்த்தார். "ஏங்க, காரு ஒரு பக்கமா சாஞ்சு கெடக்குது" என்று குரல் கொடுத்தார்.

வீட்டுக்காரர் பனியனோடு ஓடி வந்தார். கார் எருமை படுத்த மாதிரி முன்பக்க இடது மூலையில் தரையோடு தரையாகக் கிடந்தது. பஞ்சர் என்று நினைத்துக் குனிந்து பார்த்தார். டயரில் காற்று நிறைய இருந்தது! அதற்குள் தெருவே கூடிவிட்டது. ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள்.

வட சென்னையில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் இவர். வயது 48. "பேரைப் போட்டுடாதீங்க தம்பி, கடைக்கு வர்றவங்க சிரிப்பாங்க" என்று கேட்டுக்கொண்டார். அதனால் அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம்.

ஆசை பிறந்த கதை

இருபது வருஷம் ஸ்கூட்டரில் கடைக்குப் போனவர் அண்ணாச்சி. போன வருஷம் ஒரு புரோக்கர் வந்தார். ஜெர்மன் கம்பெனி டீசல் கார், ஏழு பேர் உட்காரலாம், பத்து வருஷம் ஓடியது. புதிதில் 70 லட்சம். இப்போது 14 லட்சம்!

"புது சின்னக் கார் வாங்குற காசுக்கு ராஜா மாதிரி போகலாமே" என்றார் புரோக்கர். அந்த ஒரு வார்த்தையில் அண்ணாச்சி விழுந்தார். 9 லட்சம் கடன். மீதி 5 லட்சத்துக்கு வீட்டுக்கார அம்மாவின் நகை அடகுக்கடைக்குப் போனது. மகள் கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்த நகை அது.

எட்டு மாதத்தில் ஸ்பேருக்கும் கூலிக்கும் மட்டும் அண்ணாச்சி கொடுத்தது 3 லட்சத்து 18 ஆயிரம் ரூபாய். பில் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிறார். நானே கூட்டிப் பார்த்தேன். டீசல், இன்சூரன்ஸ், கடன் தவணை எல்லாம் தனி.

பள்ளத்தில் போன அரை லட்சம்

முதல் செலவு டயர். மழைக்குப் பிறகு நம்ம ஊர் ரோடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த மாதிரி கார்களில் டயரின் பக்கவாட்டு ரப்பர் மிகவும் குட்டையாக இருக்கும். பள்ளத்தில் இறங்கினால் அடி நேரே சக்கரத்துக்குப் போகும். ரப்பர் வீங்கிவிடும், அல்லது கிழிந்துவிடும். அண்ணாச்சிக்குக் கிழிந்தது.

ஒரு டயர்தானே என்று போனார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, ஒன்று புதுசும் ஒன்று தேய்ந்ததுமாகப் போட்டால் கியர் அமைப்பு கெட்டுவிடும், ஜோடியாக மாற்று என்றார்கள். 50 ஆயிரம்!

அடுத்தது பாட்டரி. சின்னக் காருக்கு நாலாயிரம், ஐயாயிரத்தில் முடியும். இதற்கு 28 ஆயிரம். அதையும் வாங்கி மாட்டிவிட்டுப் போக முடியாது. புது பாட்டரி போட்டிருக்கிறது என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் பழைய பாட்டரிக்குச் செய்த மாதிரியே சார்ஜ் ஏற்றும். புதுசும் சீக்கிரம் செத்துவிடும்.

கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதற்கு 45 ஆயிரம். ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று சில கம்பெனிகள் சொன்ன ஆயில்தான் இது. ஆனால் பல சொகுசுக் கார்களுக்குக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே, 80 ஆயிரம் முதல் 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோ மீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுசு என்று கேட்டிருக்க வேண்டும்!

கார் ஏன் படுத்தது?

இனி அந்தக் காலை விவகாரத்துக்கு வருவோம்.

சாதாரணக் காரில் சக்கரத்துக்கு மேலே இரும்பு ஸ்பிரிங் இருக்கும். விலை உயர்ந்த பெரிய கார்கள் பலவற்றில் அதற்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பை. குலுங்காமல் போவதற்குக் காரணம் அதுதான். ஆனால் ரப்பர் ரப்பர்தானே! எட்டு, பத்து வருஷத்தில் மடிப்பில் வெடிப்பு விடும். ராத்திரி நிறுத்தி வைத்த வண்டி மெல்ல மெல்லக் காற்று இறங்கிக் காலையில் சாய்ந்து நிற்கும்.

இஞ்சினை ஸ்டார்ட் செய்தால் ஒரு குட்டி கம்ப்ரஸர் காற்றை நிரப்பி வண்டியைத் தூக்கிவிடும். அண்ணாச்சி வண்டியும் இரண்டு மாதமாகவே லேசாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்திருக்கிறது. அவர் கண்டுகொள்ளவில்லை. ஓட்டைப் பைக்கு ஓயாமல் காற்றடித்த கம்ப்ரஸர் ஒரு நாள் கருகிப் போனது. அன்று படுத்த கார் எழவேயில்லை.

ரப்பர் பையோடு சேர்ந்த கால் 1 லட்சத்து 20 ஆயிரம், கம்ப்ரஸர் 60 ஆயிரம், கூலி 15 ஆயிரம். சாமான் வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம் ஆனது. முதலிலேயே பார்த்திருந்தால் கம்ப்ரஸர் தப்பியிருக்கும்.

இன்சூரன்சில் கேட்கலாமே என்றால், விபத்துக்குத்தான் இன்சூரன்ஸ், தேய்மானத்துக்குக் கிடையாது. விபத்திலும்கூட ரப்பர், பிளாஸ்டிக் சாமான், டயர், பாட்டரிக்கெல்லாம் பாதி விலையைக் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். கழிவே இல்லாத பாலிசி பத்து வருஷக் காருக்குக் கிடைப்பது அபூர்வம். இதில் ஒரு வேடிக்கை. மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும் ஏழை பணக்காரன் கிடையாது. 2022 ஜூனில் வைத்த கட்டணப்படி 1500 சி.சி.க்கு மேற்பட்ட எந்தக் காருக்கும் வருஷத்துக்கு 7,897 ரூபாய்தான்.

விலை இறங்கும், பில் இறங்காது

விஷயம் இவ்வளவுதான். பத்து வருஷத்தில் காரின் விலை 70ல் இருந்து 14க்கு இறங்கிவிட்டது. ஸ்பேர் விலை இறங்கவில்லை. அது 70 லட்ச ரூபாய் காருக்கு என்று செய்த சாமான். காரை யார் எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்று சாமானுக்குத் தெரியாது. ஆயில் மாற்றப் போனாலும் இதே கதை. சின்னக் காருக்குச் சுமார் மூன்று லிட்டர் போதும். ஆறு சிலிண்டர் டீசலுக்கு ஆறரை முதல் எட்டு லிட்டர் வரை இழுக்கும்.

புதுப்பேட்டையில் பழைய சாமான் தேடலாமே என்று நீங்கள் கேட்கலாம். கதவு, கண்ணாடி, விளக்கு கிடைத்தால் லாபம்தான். கம்ப்யூட்டர் பெட்டி, சாவி சம்பந்தப்பட்டது என்றால் ஜாக்கிரதை. பல கார்களில் ஒரு வண்டியின் பெட்டியை இன்னொன்றில் சும்மா மாட்டினால் ஏற்றுக்கொள்ளாது.

வெள்ளத்தில் மூழ்கிய கார்கள்

போலீஸ் செய்தி எழுதுகிறவன் என்ற முறையில் இதையும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. முழு நஷ்டம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்துவிட்டால் அந்தக் கார் ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுத்தவர் கழுவித் துடைத்து வெளியூரில் விற்றால் யாருக்குத் தெரியும்?

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சீட் பெல்ட்டை முழுசாக, கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை இருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள இரும்புத் தண்டவாளம் துருப்பிடித்திருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கினால் வண்டல் மண். எவ்வளவு செண்ட் அடித்தாலும் ஏ.சி. போட்டதும் மக்கிய வாடை வந்துவிடும்.

கிலோ மீட்டரைத் திருப்பி வைப்பது இன்னொரு மோசடி. முன்னால் தெரிகிற எண்ணை மாற்றலாம். ஆனால் இந்த மாதிரி கார்கள் பலவற்றில் அந்தக் கணக்கு வேறு பெட்டிகளிலும், சிலவற்றில் சாவியிலும்கூடப் பதிந்திருக்கும். ஸ்கேனர் போட்டால் குட்டு உடைந்துவிடும்.

டெல்லி வண்டி என்று மலிவாக வருவதற்கும் காரணம் உண்டு. அங்கே 10 வருஷம் ஆன டீசல் கார் ஓடக்கூடாது என்று 2015ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. 2018ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. 2025ல்தான் அந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்தது. அந்த வண்டியை இங்கே கொண்டு வந்தால் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், தமிழ்நாட்டுக்குப் புதிதாகச் சாலை வரி கட்ட வேண்டும். புரோக்கர் சொல்லும் விலையில் இது இருக்காது.

கார் கம்பெனிகளே பழைய கார்களைச் சோதித்து வாரண்டியோடு விற்கின்றன. விலை கூடுதல்தான். அதற்கு மனசு வராவிட்டால், வாங்குவதற்கு முன்னால் சில ஆயிரம் கொடுத்து, புரோக்கருக்குத் தெரியாத ஒர்க்‌ஷாப்பில் லிப்டில் ஏற்றிப் பார்க்கலாம். அண்ணாச்சி அதைச் செய்யவில்லை. "காரைத் தொட்டுப் பார்த்தேன், வாசனை பார்த்தேன். அதுக்கு மேல என்ன தெரியும் நமக்கு?" என்கிறார்.

இப்போது என்ன நிலை?

கார் இப்போது எழுந்து நிற்கிறது. ஆனால் அண்ணாச்சி ஓட்டுவதில்லை. தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார். கடைக்கு மறுபடியும் ஸ்கூட்டர்தான்.

விற்கலாம் என்று அதே புரோக்கரைக் கூப்பிட்டார். அவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எட்டு லட்சம் தேறும்" என்றாராம். கடன் பாக்கியே ஏறத்தாழ அவ்வளவு இருக்கிறது. நகைக்கு வட்டி கட்டும் நாள் அடுத்த வாரம்.

நான் கிளம்பும்போது அந்த அம்மா மோர் கொண்டு வந்து கொடுத்தார். "தம்பி, பேப்பர்ல போட்டா யாராவது நல்ல வெலைக்குக் கேப்பாங்களா?" என்றார். அண்ணாச்சி அவரை ஒரு பார்வை பார்த்தார். "இவ்வளவும் எழுதின பெறகு எவன் கேப்பான்?" என்றார்.