எந்த நோயின் சுமை பெரிது? தன்னுடல் தாக்கு நோய்களை ஒப்பிடுவது ஏன் கடினம்?

புதுதில்லி: உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலமே உடலின் திசுக்களைத் தாக்குவதால் ஏற்படுபவை தன்னுடல் தாக்கு நோய்கள். இவற்றுள் எது கடுமையானது என்ற கேள்விக்கான விடை, மாற்றுத்திறனாளி சான்றிதழ், பணியிடச் சலுகை போன்றவற்றையும் பாதிக்கிறது. ஆனால், இந்நோய்களின் சுமையை ஒரே தராசில் நிறுப்பது எளிதன்று.

சுமைகள் பலவிதம்

முதல் வகை நீரிழிவில் இன்சுலினைச் சுரக்கும் கணையச் செல்கள் அழிகின்றன. சிறுவயதிலேயே தொடங்கக்கூடிய இந்நோய்க்கு, நாள்தோறும் பலமுறை ரத்தச் சர்க்கரைப் பரிசோதனையும் இன்சுலினும் தேவை. இன்சுலின் நின்றுபோனால் சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரிடும்.

முடக்குவாதத்தில் மூட்டுகள் வீங்கி வலிக்கின்றன. காலை நேர விறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கலாம். இதற்கான முதன்மை மருந்தான மெத்தோட்ரெக்சேட் பொதுவாக வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே தரப்படுகிறது. தவறுதலாகத் தினமும் உட்கொண்டால் அது உயிரைப் பறிக்கக்கூடும்.

லூபஸ் நோயாளிகளில் 10-இல் ஏறத்தாழ 9 பேர் பெண்கள். பெரும்பாலோர் மகப்பேறு வயதினர். தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகளை இந்நோய் பாதிப்பதால், கருத்தரிப்பையும் மருத்துவர் ஆலோசனையுடன் திட்டமிட வேண்டியுள்ளது. கரோனா பரவலின் தொடக்கத்தில், 2020-இல் ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்குத் தேவை திடீரென உயர்ந்தபோது, அதை அன்றாடம் நம்பியிருந்த லூபஸ் நோயாளிகள் தட்டுப்பாட்டைச் சந்தித்தனர்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைச் சிதைக்கிறது. பார்வை மங்கல், மரத்துப்போதல், நடைத் தடுமாற்றம் எப்போது திரும்பும் எனக் கணிக்க இயலாததே இதன் பெருஞ்சுமை.

சிலியாக் நோய்க்கு வாழ்நாள் முழுவதும் குளூட்டன் நீக்கிய உணவே சிகிச்சை. கோதுமை ரொட்டி அன்றாட உணவாக உள்ள வட மாநிலங்களில், தனி மாவு, தனிப் பாத்திரம் என வீட்டின் சமையல் முறையே மாற வேண்டியுள்ளது.

அளவுகோல் வேறு

முடக்குவாதத்தின் தீவிரத்தை 28 மூட்டுகளில் உள்ள வலி, வீக்கத்தைக் கொண்டும், நீரிழிவுக் கட்டுப்பாட்டை மூன்று மாத சராசரி சர்க்கரையைக் கொண்டும், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பாதிப்பைப் பெரிதும் நடக்கும் திறனைக் கொண்டும் மருத்துவர்கள் மதிப்பிடுகின்றனர். இந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட இயலாது. இந்நோய்களில் பலவற்றுக்குப் பொதுவான கடும் சோர்வோ, எந்த ஆய்வகப் பரிசோதனையிலும் நேரடியாகத் தெரிவதில்லை.

சட்டம் சொல்வது என்ன?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பெயர் குறிப்பிடப்பட்டுள்ளது. லூபஸ், முடக்குவாதம், முதல் வகை நீரிழிவு ஆகியவை தனி வகையாக இடம்பெறவில்லை. முடக்குவாதத்தால் மூட்டுகள் உருக்குலைந்தவர்கள் இயக்கக் குறைபாடு என்ற பிரிவில் சான்றிதழ் கோரலாம். எனினும், இட ஒதுக்கீடு போன்ற பலன்களுக்குக் குறைந்தது 40 சதவீதப் பாதிப்பு இருக்க வேண்டும். அதாவது, மூட்டுச் சிதைவைத் தடுக்கப் பல ஆண்டுகள் சிகிச்சை பெற்று வலியோடு பணிக்குச் செல்பவர், இந்த வரம்புக்கு வெளியே நிற்க நேரிடலாம்.

சான்றிதழ் இன்றியும் சில தேவைகளை நிறைவேற்ற முடியும் என்பதற்குச் சிபிஎஸ்இ பொதுத் தேர்வு ஓர் எடுத்துக்காட்டு. முதல் வகை நீரிழிவு உள்ள மாணவர்கள் சர்க்கரை மாத்திரை, பழம், குடிநீர் ஆகியவற்றைத் தேர்வு அறைக்குள் கொண்டுசெல்ல அவ்வாரியம் அனுமதிக்கிறது. எந்த நோய் பெரிது என்று தரவரிசைப்படுத்தாமல், அந்த நோயாளிக்கு எது தேவை என்று பார்க்கும் அணுகுமுறை இது.