ஐரோப்பாவில் கலை ரசிக்க பர்ஸ் கனக்க வேண்டாம்... கடிகாரம் பார்த்தால் போதும்!

மாலை 5.30 மணி. ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில், பிராடோ மியூசியத்தின் வெளியே ஒரு வரிசை நீண்டுகொண்டே போகிறது. கல்லூரி மாணவர்கள், கைக்குழந்தையுடன் வந்த தம்பதி, கைத்தடி ஊன்றிய பெரியவர்கள் என எல்லா வயதினரும் அதில் நிற்கிறார்கள். உள்ளே போக சாதாரணமாக 15 யூரோ கட்டணம். ஆனால், இந்த வரிசையில் நிற்கும் யாரும் பர்ஸைத் திறக்கப்போவதில்லை. 6 மணிக்கு இவர்களை உள்ளே விடுவார்கள். இரவு 8 மணி வரை நிரந்தரக் காட்சிக்கூடங்களை இலவசமாகப் பார்க்கலாம்.

இது வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் சலுகை அல்ல. திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 மணி. ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களில் மாலை 5 முதல் 7 மணி. மியூசியம் மூடும் முன் வரும் கடைசி இரண்டு மணி நேரம் எப்போதும் பொதுமக்களுக்கானது.

ஐரோப்பா டூர் என்றாலே லட்சங்களில் கணக்குப் போடுகிறோம். விமானம், தங்குமிடம், விசா ஆகியவற்றில் பெரிதாகக் குறைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால், அங்கே போய்ச் சேர்ந்த பிறகு ஓவியம், சிற்பம், இசை, நாடகம் ஆகியவற்றுக்குச் செலவழிக்கும் பணத்தைப் பெருமளவு மிச்சப்படுத்தலாம். எந்த ஊரில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போவது என்று தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இலவச நேரம் எங்கே, எப்போது?

மாட்ரிட்டிலேயே பிராடோவுக்குச் சற்றுத் தொலைவில் ரெய்னா சோபியா மியூசியம் இருக்கிறது. பிக்காசோ 1937-ல் வரைந்த 'குவெர்னிகா' இங்கேதான் உள்ளது. சுமார் 3.5 மீட்டர் உயரம், 7.8 மீட்டர் அகலம் கொண்ட அந்த ஓவியத்தின் முன் நிற்கும்போதுதான், புத்தகத்தில் பார்த்த படம் எவ்வளவு சிறியது என்பது புரியும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. திங்கள் மற்றும் புதன் முதல் சனி வரை மாலை 7 முதல் 9 மணி வரை இங்கேயும் இலவசம். ஒரு நாள் பிராடோ, மறுநாள் ரெய்னா சோபியா என்று வைத்துக்கொண்டால், ஸ்பெயினின் மிகப்பெரிய இரண்டு கலைக்கூடங்களையும் செலவில்லாமல் பார்த்துவிடலாம்.

பாரிஸின் லூவ்ர் மியூசியம் 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கட்டணத்தை 32 யூரோவாக உயர்த்திவிட்டது. ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்தாலும் ஒருவருக்கு 3,200 ரூபாய். ஆனால், ஜூலை, ஆகஸ்ட் தவிர்த்து மற்ற மாதங்களில் முதல் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு மேல் கட்டணம் இல்லை. மோனே, வான்கோ ஓவியங்கள் நிறைந்த ஓர்சே மியூசியத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். பல மாதங்களில் முதல் வெள்ளிக்கு அடுத்த இரண்டாம் நாளே முதல் ஞாயிறும் வந்துவிடும். அந்த வார இறுதியில் பாரிஸில் இருக்கும்படி பயணத் தேதியை அமைத்துக்கொண்டால் இரண்டையும் பார்க்கலாம்.

இத்தாலியில் அரசு மியூசியங்களும் தொல்லியல் இடங்களும் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். ரோமின் கொலோசியம், ஃபிளாரன்ஸின் உஃபிஸி இரண்டும் இதில் அடக்கம். வாடிகன் மியூசியம் தனி. அங்கே மாதத்தின் கடைசி ஞாயிறு காலையில் இலவசம்.

இலவச நேரத்தில் ஒரு சங்கடமும் உண்டு. கூட்டம் அலைமோதும். இரண்டு மணி நேரத்தில் பிராடோ முழுவதையும் சுற்றிவிடலாம் என்று ஓடினால், கால்வலிதான் மிஞ்சும். முந்தைய நாளே வெப்சைட்டில் தேடி, ஐந்து அல்லது ஆறு ஓவியங்களைக் குறித்துக்கொண்டு போவது நல்லது. வெலாஸ்குவெஸின் 'லாஸ் மெனினாஸ்', கோயாவின் 'மே 3, 1808', ஹீரோனிமஸ் பாஷின் 'மண்ணுலக இன்பங்களின் தோட்டம்' ஆகிய மூன்றுக்கும் தலா இருபது நிமிடம் ஒதுக்கினாலே மாலை நிறைந்துவிடும்.

எந்நாளும் இலவசம்

இந்த விஷயத்தில் லண்டனுக்குத்தான் முதலிடம். பிரிட்டனின் தேசிய மியூசியங்களில் நிரந்தரக் காட்சிகளுக்கு 2001 டிசம்பர் முதல் கட்டணமே கிடையாது. வான்கோவின் சூரியகாந்திப் பூக்கள் உள்ள நேஷனல் கேலரி, பழைய மின் நிலையத்துக்குள் 2000-ல் திறக்கப்பட்ட டேட் மாடர்ன், திப்பு சுல்தானின் புலி பொம்மை உள்ள விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் என எல்லாமே இலவசம். சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும்தான் டிக்கெட்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் எகிப்தின் ரொசெட்டா கல்லைப் பார்க்கத்தான் கூட்டம் முட்டும். அமராவதி பௌத்த ஸ்தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் இருக்கும் கூடத்தையும் நம்மவர்கள் தவறவிடக் கூடாது. சென்னை வழியாகத்தான் அவை 19-ம் நூற்றாண்டில் லண்டனுக்குக் கப்பலேறின. அதே ஸ்தூபியின் வேறு சிற்பங்கள் நம் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எழும்பூரில் ஒரு பாதியைப் பார்த்துவிட்டுப் போனால், லண்டனில் பார்ப்பது இன்னும் நன்றாகப் புரியும்.

பாரிஸில் மாநகராட்சி நடத்தும் மியூசியங்களின் நிரந்தரக் காட்சிகள் எந்நாளும் இலவசம். 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட 'பெத்தி பலே', நகரத்தின் வரலாற்றைச் சொல்லும் 'கார்னவலே', விக்டர் ஹியூகோ வாழ்ந்த வீடு ஆகியவை இந்தப் பட்டியலில் வரும். லூவ்ரில் தள்ளுமுள்ளுக்கு நடுவே 'மோனாலிசா'வை எட்டிப் பார்ப்பதைவிட, பெத்தி பலேயில் ஒரு மோனே ஓவியத்தின் முன் நிதானமாக நிற்பது பலருக்குப் பிடித்துப்போகும்.

கோயிலே கலைக்கூடம்

ரோமில் மியூசியத்துக்கே போகாமல் உலகப் புகழ்பெற்ற ஓவியங்களைப் பார்க்கலாம். அங்குள்ள தேவாலயங்களுக்காகவே வரையப்பட்டவை இன்னும் அதே சுவரில் இருக்கின்றன. சான் லூயிஜி தேய் ஃபிரான்செசி தேவாலயத்தில் கரவாஜியோ வரைந்த மூன்று புனித மத்தேயு ஓவியங்கள் உள்ளன. சாந்தா மரியா தெல் போபோலோவில் அவருடைய இரண்டு ஓவியங்கள். சாந்த் அகோஸ்தினோவில் ஒன்று. ஆக, ஒரே நாளில் நடந்தே ஆறு கரவாஜியோ ஓவியங்களைப் பார்த்துவிடலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. சில இடங்களில் ஓவியத்தின் மேல் விளக்கு எரிய, பெட்டியில் ஒரு நாணயம் போட வேண்டியிருக்கும். சில்லறை கையில் இருக்கட்டும்.

மைக்கேலாஞ்சலோவின் 'மோசே' சிலை சான் பியட்ரோ இன் வின்கோலி தேவாலயத்தில் இருக்கிறது. அவர் இருபதுகளின் தொடக்கத்தில் செதுக்கிய 'பியெத்தா' புனித பேதுரு பேராலயத்தில் இருக்கிறது. இரண்டையும் பார்க்கக் கட்டணம் இல்லை. பேராலயத்தில் பாதுகாப்புச் சோதனைக்கான வரிசை மட்டும் நீளமாக இருக்கும். காலையில் சீக்கிரம் போவது புத்திசாலித்தனம். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம்.

நின்றுகொண்டே ஓபரா

வியன்னா ஸ்டேட் ஓபராவில் நல்ல இருக்கைக்கு 200 யூரோவுக்கு மேல் கேட்பார்கள். அதே அரங்கில், அதே பாடகர்களை, 20 யூரோவுக்குள் கேட்க ஒரு வழி உண்டு. அதுதான் நின்று ரசிக்கும் இடம். 400-க்கும் மேற்பட்டோர் நிற்கலாம். இந்த டிக்கெட்டுகள் நிகழ்ச்சி நாளன்றுதான் விற்பனைக்கு வரும். உள்ளே போனதும் தங்கள் இடத்தின் கம்பியில் ஒரு கைக்குட்டையையோ ஸ்கார்ஃபையோ கட்டிவிட்டு, வெளியே போய் காபி குடித்து வருவது வியன்னா ரசிகர்களின் வழக்கம். கட்டியிருப்பதை யாரும் அவிழ்ப்பதில்லை. பாடல் வரிகளின் மொழிபெயர்ப்பைக் காட்டும் சிறு திரையும் உண்டு. அந்த 20 யூரோவும் இல்லையென்றால், கோடைக்காலத்தில் வியன்னா நகர மன்றச் சதுக்கத்தில் பெரிய திரையில் ஓபராக்களையும் இசை நிகழ்ச்சிகளையும் இலவசமாகக் காட்டுகிறார்கள்.

லண்டனில் ஷேக்ஸ்பியர்ஸ் குளோப் அரங்கத்தின் திறந்த முற்றத்தில் 700 பேர் நின்று நாடகம் பார்க்கலாம். ஷேக்ஸ்பியர் காலத்தில் ஒரு பென்னி கொடுத்து நின்றார்கள். இப்போது சில பவுண்டுகள். உட்காரக் கூடாது, குடை விரிக்கக் கூடாது. மழை வந்தால் ரெயின்கோட்தான். ஆனால், நடிகர்களுக்கு மிக அருகில் இருப்பது இந்த நின்றுகொண்டிருக்கும் கூட்டம்தான்.

அதே லண்டனில், 1895-ல் தொடங்கிய 'ப்ராம்ஸ்' இசைவிழா கோடையில் எட்டு வாரங்கள் நடக்கிறது. குறைந்த விலையில் எல்லோருக்கும் நல்ல இசை என்பதுதான் ஆரம்பம் முதலே அதன் நோக்கம். ராயல் ஆல்பர்ட் ஹாலில் நின்று கேட்பதற்கான டிக்கெட், சமீப ஆண்டுகளிலும் 10 பவுண்டுக்குக் கீழேதான்.

இசை ரசிகர்களுக்கு இன்னும் சில: பெர்லின் ஃபில்ஹார்மோனி அரங்கின் முன்கூடத்தில், சீசன் நாட்களில் புதன்கிழமை மதியம் 1 மணிக்கு இலவசக் கச்சேரி. ஜூன் 21 அன்று பிரான்ஸில் 'ஃபெத் த லா மியூசிக்'. 1982 முதல் அன்றைக்குத் தெருவெல்லாம் இசைதான். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் சுற்றிப் பார்க்கத்தான் கட்டணம். பெரும்பாலான நாட்களில் மாலை 5 மணிக்கு நடக்கும் பாடல் வழிபாட்டில் யாரும் இலவசமாகக் கலந்துகொள்ளலாம்.

குழந்தைகள், மாணவர்கள் கவனத்துக்கு

குடும்பமாகப் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. லூவ்ர், ஓர்சே, பிராடோ, ரெய்னா சோபியா, இத்தாலியின் அரசு மியூசியங்கள் ஆகியவற்றில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எந்நாளும் இலவசம். எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி. வயதைக் காட்ட பாஸ்போர்ட் வேண்டும்.

ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் தங்கிப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சலுகை. 26 வயதுக்கு உட்பட்டு ஐரோப்பாவில் வசிப்பதற்கான அனுமதி அட்டை இருந்தால், லூவ்ரில் கட்டணம் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்தானே என்று நினைத்து 32 யூரோ கட்டிவிட்டு வந்தால் நஷ்டம் நமக்குத்தான்.

மிச்சம் பிடிக்க சில வழிகள்

* ஷெங்கன் விசா கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரையிலான பிள்ளைகளுக்கு 45 யூரோ. பிரிட்டனுக்குத் தனி விசா. எனவே முதல் பயணத்தில் லண்டன் அல்லது ஷெங்கன் நாடுகள் என ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சிக்கனம்.

* பத்து நாளில் ஆறு நாடு என்று ஓடினால் ரயிலுக்கும் பஸ்ஸுக்குமே பணம் கரையும். இரண்டு நகரங்களில் ஐந்தைந்து நாள் தங்கினால்தான் இலவச நேரங்களைப் பிடிக்க முடியும்.

* ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அறை வாடகை பொதுவாக எகிறும். மே அல்லது செப்டம்பர் வசதி. செப்டம்பரில் ஐரோப்பியப் பாரம்பரிய நாட்களும் வரும். வழக்கமாகப் பூட்டியிருக்கும் பல மாளிகைகளை அப்போது திறந்துவிடுவார்கள்.

* ரோமில் தெருவுக்குத் தெரு குடிநீர்க் குழாய்கள் ஓடிக்கொண்டே இருக்கும். காலி பாட்டில் ஒன்று பையில் இருந்தால் தண்ணீர்ச் செலவு இல்லை.

* இலவசம் என்றாலும் ஓர்சே போன்ற இடங்களில் முன்பதிவு தேவை. கிளம்பும் முன் அந்தந்த மியூசியத்தின் அதிகாரபூர்வ வெப்சைட்டில் நாளையும் நேரத்தையும் சரிபார்த்துக்கொள்வது அவசியம். இலவச டிக்கெட்டுக்குப் பணம் வாங்கும் இடைத்தரகர் தளங்களும் இருக்கின்றன.

* கூட்டமான இலவச நாட்களில் பிக்பாக்கெட் பயம் உண்டு. பாஸ்போர்ட்டும் பணமும் உடம்போடு இருக்கட்டும்.

வழக்கமாக நாம் முதலில் விமான டிக்கெட்டை எடுத்துவிட்டு, பிறகுதான் எதைப் பார்ப்பது என்று யோசிப்போம். ஐரோப்பாவுக்கு மட்டும் அதைத் திருப்பிச் செய்ய வேண்டும். காலண்டரில் முதல் வெள்ளி, முதல் ஞாயிறு, கடைசி ஞாயிறு எங்கே வருகின்றன என்று வட்டம் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு விமானத்துக்கு புக் செய்தால், கலைக்காக எடுத்து வைத்த பணத்தில் பாதிக்கு மேல் கையிலேயே இருக்கும்.