ஏரியை இடம் வருவோம்!

‘டாங்க் பண்ட்’ என்று நாம் வாய் நிறையச் சொல்லும் பெயரைத் தமிழில் சொன்னால் என்ன? ஏரிக்கரை! அவ்வளவுதான். இரட்டை நகரத்தில் வாழும் நம்மில் பலர் பஸ்ஸிலும் ஸ்கூட்டரிலும் அந்தக் கரையை ஆயிரம் முறை தாண்டியிருப்போம். ஹுசேன் சாகரை முழுதாகச் சுற்றி வந்தவர்கள் எத்தனை பேர்?

ரயில்வே பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிறு காலைகளில் சைக்கிளில் அதைச் சுற்றி வருகிறேன். ஒரு சுற்று ஏறத்தாழ 10 கிலோமீட்டர். மொத்தம் நான்கு சுற்று. சுற்றுக்கு 40 நிமிடம் வீதம் 2 மணி 40 நிமிடம் ஆகிறது. “ஏங்க, அறுபத்திரண்டு வயசுல இதெல்லாம் தேவையா? துணைக்காவது யாரையாச்சும் கூட்டிட்டுப் போங்களேன்” என்பது வீட்டில் வாராவாரம் கேட்கும் குரல். துணை வந்தால் பேச்சு வரும், பேச்சோடு போட்டியும் வந்துவிடும். தனியாகப் போனால்தான் நம் வேகம் நம்முடையதாக இருக்கும்.

கோயிலை வலம் வருவது நம் வழக்கம். இந்த ஏரியை மட்டும் இடம் வர வேண்டும்! நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் செல்வதால், ஏரி நம் இடக்கைப் பக்கம் இருந்தால் கரையை ஒட்டியே போகலாம். குறுக்குச் சாலைகளின் தொந்தரவும் குறைவு.

கரையின் தென்கோடியில் புறப்பட்டு வடக்கே செகந்திராபாத் பக்கமாக மிதித்தால், இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நேர்ச் சாலை. 1562-ஆம் ஆண்டு வாக்கில், இப்ராஹிம் குலி குதுப் ஷா காலத்தில், ஹுசேன் ஷா வலி என்பவர் பொறுப்பேற்று எழுப்பிய கரை இது. சார்மினார் எழுந்ததோ 1591-இல். அதாவது, ஹைதராபாத் நகரத்தைவிட இந்த ஏரிக்கு வயது அதிகம்!

கரை நெடுக, என்.டி. ராமராவ் முதல்வராக இருந்தபோது 1986-இல் நிறுவப்பட்ட தெலுங்குப் பெருமக்களின் சிலைகள் நிற்கின்றன. திருவாரூரில் பிறந்து திருவையாற்றில் பாடிய தியாகய்யர் அங்கே இருக்கிறார். சர் ஆர்தர் காட்டனும் இருக்கிறார். கோதாவரிக்குத் தவளேஸ்வரத்தில் அணை கட்டியதற்காக ஆந்திர மக்கள் அவரைக் கொண்டாடுகிறார்கள். அதற்கு முன்பே 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டியவர் அவர். தஞ்சை, திருச்சிக்காரர்கள் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம்.

ராணிகஞ்ச் பக்கம் திரும்பி மேற்கே சஞ்சீவையா பூங்காவை நோக்கிப் போகும்போதுதான் சோதனை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேல்காற்று நேராக முகத்தில் அடிக்கும். அங்கே வேகத்தை விட்டுக்கொடுத்து, மிதிக்கும் பலத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டும். 15 கிலோமீட்டர் வேகத்தை 20 ஆக்கினால் காற்றின் தடை ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடுகிறது. முதல் சுற்றில் ஜம்பமாகப் பறந்தவர், மூன்றாம் சுற்றில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுவார். ஒரு வாக்கியத்தைத் தடையின்றிப் பேசி முடிக்க முடிகிறதா? அதுதான் சரியான வேகம்.

அடுத்து, 1998-இல் திறக்கப்பட்ட நெக்லஸ் ரோடு. 2021-இல் இதற்கு பி.வி. நரசிம்மராவ் பெயர் சூட்டப்பட்டது. இங்கே சில நாட்களில் மூக்கைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். ஒரு காலத்தில் நகரத்துக்குக் குடிநீர் தந்த ஏரியில், குகட்பல்லி நாலா வழியாகச் சாக்கடையும் ஆலைக் கழிவும் வந்து சேர்ந்ததன் பலன். காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு இது தெரியாது. சைக்கிள்காரனுக்கு ஏரியின் உடல்நிலை மூக்கிலேயே தெரிந்துவிடும்.

தண்ணீர் நடுவே நிற்கும் புத்தரைச் சுற்றுக்குச் சுற்று வேறு வேறு கோணத்தில் பார்க்கலாம். ஒரே கல்லில், ஏறத்தாழ 18 மீட்டர் உயரம். செதுக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர் தமிழகத்தில் பிறந்த எஸ்.எம். கணபதி ஸ்தபதி. குமரிமுனை வள்ளுவர் சிலையை அமைத்த வை. கணபதி ஸ்தபதி வேறு, இவர் வேறு. 1990 மார்ச் 10 அன்று சிலையை ஏற்றிச் சென்ற மிதவை கவிழ்ந்து பலர் உயிரிழந்தனர். சிலையும் மூழ்கியது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீருக்கடியில் கிடந்தவரை 1992 டிசம்பரில்தான் தூக்கி நிறுத்தினார்கள்.

கைரதாபாத் தாண்டிக் கிழக்கே திரும்பினால் காற்று முதுகைத் தள்ளும். 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட 125 அடி அம்பேத்கர் சிலையும் புதிய தலைமைச் செயலகமும் கடந்து மறுபடியும் ஏரிக்கரை.

மூன்றாம் சுற்றில்தான் மனம் பேசத் தொடங்குகிறது. “அப்பா, இனிமே அங்க என்ன வேலை? சென்னைக்கே வந்துடுங்களேன்” என்கிறாள் மகள். நம் குடும்பங்களில் ஓய்வு பெற்ற எல்லோரும் சந்திக்கும் கேள்வி இது. முப்பது வருடம் இந்த நகரத்தில் சம்பாதித்தேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். ஆனாலும் ‘நம்ம ஊர்’ என்று சொல்ல நாக்கு கூசியது. இப்போது எந்தத் திருப்பத்தில் காற்று மாறும், எந்த மாதத்தில் ஏரி நாறும், எந்த டீக்கடை முதலில் திறக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பிறந்த ஊரில்கூட இவ்வளவு தெரியாது. “இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்மா” என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்பர்களே, கியர் சைக்கிள் வேண்டும் என்பதில்லை. டயரில் போதிய காற்று, நல்ல பிரேக், சீட்டின் உயரம் சரியாக இருத்தல், ஹெல்மெட், ஒரு பாட்டில் தண்ணீர், விடியுமுன் போவதானால் முன்னும் பின்னும் விளக்கு: இவை போதும். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். முதல் மாதம் ஒரு சுற்றே போதும். தண்ணீர் மட்டும் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கட்டும்!